சுரங்கத்துக்கு இருந்த விதி பள்ளிக்கு இல்லை

2023 டிசம்பர் 1, வெள்ளிக்கிழமை. அன்று காலை பெங்களூருவில் நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. சிறிது நேரத்தில் பெற்றோரின் கைப்பேசிகளுக்குப் பள்ளிகளிலிருந்து செய்திகள் பறந்தன. பிள்ளைகளை அழைத்துச் செல்ல வந்தவர்களால் பள்ளி வாசல்கள் நிறைந்தன. துணை முதலமைச்சரே ஒரு பள்ளிக்கு நேரில் சென்று பார்த்தார். மிரட்டல் பொய் என்று பின்னர் தெரிந்தது.

அதே நாளில், அதே மாநிலத்தில், கோலார் மாவட்டம் மாலூர் வட்டத்திலுள்ள யலுவஹள்ளி மொரார்ஜி தேசாய் உறைவிடப் பள்ளியில் தலித் மாணவர்கள் மலக்குழிக்குள் இறக்கப்பட்டு அதைச் சுத்தம் செய்ய வைக்கப்பட்டனர். தண்டனை என்று அதற்குப் பெயர் சொல்லப்பட்டது. ஊரும் உலகும் அதை அறிந்தது ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து. அறிவித்தது பள்ளியின் கடிதம் அன்று, கைப்பேசியில் பிடிக்கப்பட்ட ஒரு காணொளி. அதன் பிறகே பணியிடை நீக்கம், கைது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கு எல்லாம்.

இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு வசதியில் இல்லை. யலுவஹள்ளியிலும் கைப்பேசி இருந்தது. பெற்றோர் யார் என்பதில் ஒரு பாதி வேறுபாடு இருக்கிறது. கட்டணம் செலுத்துபவர், வழக்குத் தொடுக்கக்கூடியவர், தொலைக்காட்சியில் பேசக்கூடியவர் என்று பள்ளி கருதும் பெற்றோருக்குத் தகவல் உடனே போகிறது. பிள்ளையை அரசு விடுதியில் விட்டுவிட்டுக் கூலிக்குப் போகிறவருக்குத் தகவல் என்பதே பள்ளி மனமிரங்கிச் செய்யும் உபகாரம். மறுபாதி, பழி யார்மேல் விழும் என்பதில் இருக்கிறது. 2014 ஜூலையில் பெங்களூரு விப்ஜியார் பள்ளியில் ஆறு வயதுக் குழந்தை பாலியல் வன்கொடுமைக்கு ஆளான செய்தி வெளியானபோது, வசதி படைத்த பெற்றோரும் பள்ளி மறைக்கிறது என்ற சினத்தோடுதான் தெருவுக்கு வந்தனர். ஆபத்து வெளியிலிருந்து வந்தால் பள்ளி பேசும். ஆபத்து உள்ளேயே இருந்தால் பள்ளி வாயை மூடிக்கொள்ளும். பெற்றோர் ஏழையாகவும் ஆபத்து உள்ளேயும் இருந்துவிட்டால், காணொளி ஒன்று கசியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மாலூர் நிலையத்தைக் கடந்துதான் கோலார் தங்கவயலின் ரயில்கள் பெங்களூருவுக்குப் போகின்றன. 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு ஊரின் பிழைப்பு அந்த ரயிலில்தான் ஏறி இறங்குகிறது. மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் ஊர்காமிலும் கோரமண்டலிலும் விடியுமுன் ஏறியவர்கள் இருட்டிய பின்தான் திரும்புகிறார்கள். பள்ளியில் பதினொரு மணிக்கு ஏதேனும் நடந்தால், தாய் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் யார் வீட்டிலோ பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார், அல்லது கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடும் ஆடை ஆலை ஒன்றில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பார். ‘பெற்றோர் நேரில் வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்’ என்று பள்ளிகள் வழக்கமாகச் சொல்லும் விடைக்கு இத்தகைய ஊரில் ஒரே பொருள்தான்: சொல்ல மாட்டோம்.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் தமிழ். அரசின் மொழி கன்னடம். தனியார் பள்ளியின் சுற்றறிக்கை ஆங்கிலம். தமிழ்வழிப் பள்ளிகள் தேய்ந்துபோன ஊரில், ‘விரும்பத்தகாத நிகழ்வு’ என்று ஆங்கிலத்தில் மழுப்பி எழுதிய இரண்டு வரிச் செய்தியைப் பெரும்பாலான வீடுகளில் படித்துப் பொருள் சொல்லவேண்டியவர் யார்? அந்தப் பிள்ளையேதான். அடிபட்டவளே தன் அடியைப் பள்ளியின் சொற்களில் தாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த ஊருக்கு இப்படிப்பட்ட மௌனம் புதிதாக இருக்கக் கூடாது என்று எவரும் வாதிடலாம். வெள்ளைக்கார நிறுவனம் தொழிலாளியை மதித்து நடத்தவில்லை. கல்தூசி நுரையீரலைத் தின்ற கதையை முதியவர்கள் இன்றும் இருமியபடியேதான் சொல்கிறார்கள். ஆயினும் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய அந்தச் சுரங்கங்களில் பாறை வெடித்தபோது அதிர்வு மேலே லைன் வீடுகள்வரை எட்டியது. நிறுவனம் சொல்லுமுன்பே பூமி சொல்லிவிட்டது. பிறகு சட்டமும் பேசத் தொடங்கியது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவை ஒரு பள்ளி நிர்வாகியேனும் படித்துப் பார்க்கலாம். உயிரிழப்போ கடுங்காயமோ நேர்ந்தால், நிர்வாகம் குறித்த காலத்துக்குள் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. அறிவிப்பின் ஒரு படியை அதே வேளையில், தொழிற்சங்கத்தார் பார்வையிடக்கூடிய இடத்தில், தனியான பலகையில் ஒட்ட வேண்டியிருந்தது. பதினான்கு நாளுக்குக் குறையாமல் அது அங்கே இருக்க வேண்டியிருந்தது. ஆளைக் காப்பாற்றுவது போன்ற தேவை இருந்தாலன்றி, விபத்து நடந்த இடத்தைக் கலைக்க இடமிருக்கவில்லை.

அந்தச் சுரங்கத்தில் இறங்கியவரின் பேத்தி படிக்கும் பள்ளியை இதில் ஒரு வரியும் கட்டுப்படுத்தாது. பாட்டனின் கால் முறிந்தால் பலகையில் எழுதவேண்டியிருந்தது. பேத்தியின் கால் முறிந்தால் ‘விளையாடும்போது விழுந்துவிட்டாள்’ என்பது போதும். விழுந்த இடத்தைக் கழுவித் துடைக்கவும் தடையில்லை.

சட்டமே இல்லை என்பதன்று. கல்வியுரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டுவரை சிறை. ஆனால் அந்தப் பிரிவு காட்டும் திசை காவல்நிலையத்தை நோக்கியது. பள்ளி வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டளை அதில் இல்லை. குருகிராம் பள்ளியொன்றில் 2017இல் கொல்லப்பட்ட சிறுவனின் தந்தை உச்ச நீதிமன்றம்வரை போனதன் பயனாக, பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பை வரையறுக்கும் வழிகாட்டுதல்களை ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2021இல் வெளியிட்டது. அவை பரிந்துரைகள். பரிந்துரையை மீறியதற்காக எந்தத் தாளாளரும் உறக்கமிழந்ததில்லை.

பள்ளிகள் சொல்லும் காரணங்களும் தெரிந்தவையே. பீதி பரவும் என்பது முதலாவது. வெடிகுண்டு மிரட்டலைச் சொன்னபோது பரவாத பீதியா? பரவியது. ஆனாலும் சொன்னார்கள், சொன்னது சரி. உண்மையில் பீதியை வளர்ப்பது, பள்ளி ஒன்றும் சொல்லாத அந்த மூன்று நாளில் வாட்ஸப்பில் ஊர் சொல்லிக்கொள்ளும் கதைகள்தாம். பிள்ளையின் பெயர் வெளியாகிவிடும், எதிர்காலம் கெட்டுவிடும் என்பது அடுத்தது. பெண் குழந்தை என்றால் இந்தக் காரணம் கூடுதல் கனிவோடு சொல்லப்படும். குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதைத் தடுக்கும் போக்சோ பிரிவின் எண்ணும் 23தான். அது பத்திரிகையின் வாயைக் கட்டுகிறது. பெற்ற தாயின் காதை அடைக்க அது எழுதப்படவில்லை. பெயரைச் சொல்லாமலே என்ன நடந்தது, எப்போது, எங்கே, பள்ளி என்ன செய்தது, காவல்துறைக்கு எப்போது தெரிவித்தது என்று எல்லாப் பெற்றோருக்கும் எழுத முடியும். எழுத மனமில்லாதவர்களுக்குத்தான் குழந்தையின் மானம் திடீரென நினைவுக்கு வருகிறது.

1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அன்று தொழிலாளர்கள் கூட்டமாக நின்றார்கள். இன்று பெற்றோர் தனித்தனியாக, கட்டண பாக்கியோடு, அலுவலக அறை வாசலில் நிற்கிறார்கள். முக்கால் பங்கு பெற்றோரைக் கொண்ட மேலாண்மைக் குழு வேண்டும் என்று கல்வியுரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு அதுவும் இல்லை. குழு இருக்கும் பள்ளிகளிலும் சத்துணவும் கட்டடமும் பேசப்படும் அளவுக்கு, காயம்பட்ட பிள்ளைகளின் பதிவேடு கூட்டத்தின் முன் வைக்கப்படுவதில்லை.

கர்நாடகத்தின் கல்வித் துறைக்கும், உறைவிடப் பள்ளிகளை நடத்தும் சமூக நலத் துறைக்கும் இதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. சுரங்கச் சட்டத்தின் அந்தப் பிரிவை எடுத்து, சுரங்கம் என்ற இடத்தில் பள்ளி என்று எழுதினாலே முக்கால் வேலை முடிந்துவிடும். சம்பந்தப்பட்ட பிள்ளையின் வீட்டுக்கு அந்த மணிநேரத்திலேயே குரலழைப்பு, அதுவும் வீட்டு மொழியில். மற்றப் பெற்றோருக்கு மறுநாளுக்குள், பெயரின்றி, தமிழிலும் கன்னடத்திலும் எழுத்தில். பலகையில் பதினான்கு நாள். தவறினால் தண்டனை, அங்கீகாரம்வரை பாயும் தண்டனை. பலகைக்கென்று செலவும் இல்லை. எல்லாப் பள்ளி வாசலிலும் ஒன்று இருக்கிறது. தேர்ச்சி விழுக்காடும் முதலிடம் பிடித்தவர்களின் படங்களும் இப்போது அதில் ஒட்டப்பட்டிருக்கின்றன.