பூசாத சுவருக்கு என்ன குறை?

கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கட்டடங்கள் ஏழ்மையை அழகுபார்க்கும் ரசனை என்றும், அவர் வழியில் நடக்கும் காஸ்ட்ஃபோர்டு போன்ற அமைப்புகள் உறுதியைப் பலிகொடுத்துச் சிக்கனம் காட்டுகின்றன என்றும் ஒரு கட்டுமானப் பொறியாளர் எழுதியிருக்கிறார். கோபம்தான் வந்தது.

உள்ளே வெற்றிடம் விட்ட சுவர் எப்படித் தாங்கும் என்று கேட்கிறார். பேக்கர் கையாண்ட எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்துவார்கள். ஒன்பது அங்குலச் சுவரின் இரு முகங்களுக்கு நடுவே காற்று நிற்கும். குறுக்கே போகும் கற்கள் இரண்டையும் பிணைக்கும். செங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். வெயிலின் சூடும் உள்ளே எளிதில் இறங்காது. கூரையிலும் இதே கணக்குதான். தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கிருக்கும் கான்கிரீட்டுக்கு அதைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிரப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டை வைத்தால் எடை குறையும், எடை குறைந்தால் கம்பியும் குறையும். பொறியியல் மாணவனுக்கே தெரிந்த இதை ஒரு பொறியாளர் ஏமாற்று வேலை என்பது வெட்கக்கேடு.

மழைக்கு நிற்காதாம். திருவனந்தபுரத்தில் 1970களில் பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம், பூச்சில்லாத செங்கல்லோடு, ஆண்டுதோறும் இரண்டு பருவமழைகளை வாங்கிக்கொண்டு நிற்கிறது. அதே நகரின் தம்பானூரில் அவர் கட்டிய இந்தியன் காஃபி ஹவுஸின் சுருள் சாய்தளத்தில் இன்றும் கூட்டம் ஏறி இறங்குகிறது.

ஏழ்மை ரசனை என்ற பழிதான் மிகவும் அநியாயமானது. பூந்துறை மீனவர் குடியிருப்புக்கும் வளர்ச்சி ஆய்வு மையம் என்ற பொருளாதார அறிஞர்களின் வளாகத்துக்கும் பேக்கர் ஒரே கொள்கையைத்தான் கொண்டுபோனார். வீண்செலவு எவருக்கும் ஆகாது என்றார். ஏழைக்கு மட்டும் சிக்கனம் போதிக்கவில்லை.

சூளைச் செங்கல் விறகைத் தின்கிறது என்பது உண்மை. அதை முன்பே சொல்லி, மண் வீட்டுக்குக் கையேடு எழுதியவரே பேக்கர்தான். கொத்தனார் கூலி ஏறிவிட்டதால் பழைய அளவுக்கு மலிவு இல்லை என்பதும் சரி. ஆனால் அந்தப் பணம் சிமென்ட் ஆலைக்குப் போகாமல் உள்ளூர்க் கைகளுக்குப் போகிறது. பேக்கர் தெரிந்தே எடுத்த முடிவு அது.

மாற்றாக அந்தப் பொறியாளர் புகழ்வது கண்ணாடி முகப்பை. மேற்கு வெயிலில் அந்தக் கட்டடத்தைக் குளிரவைக்க மாதாமாதம் ஆகும் மின்கட்டணத்தைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதையும் கூட்டிக் கணக்குக் காட்டட்டும், பிறகு சிக்கனம் பற்றிப் பேசலாம்.