நாய்க்கும் ஒரு கூண்டு

ஓசூர்த் தொழிற்சாலைகளில் உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு மாற்றல் உத்தரவு வருவது சகஜம். தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிவிடலாம். இத்தனை காலம் வீட்டைக் காத்த ராஜபாளையம் நாயை என்ன செய்வது? தெருவில் விட்டுச் செல்வோரும் உண்டு. அது பெரும் பாவம். தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து அதையும் அழைத்துப் போக வழி இருக்கிறது.

பெரிய நாய் பொதுவாகக் கூண்டோடு விமானத்தின் அடித்தட்டில்தான் பிரயாணம் செய்யும். ஆகவே கூண்டே அதற்குக் கவசம். கடைக்காரர் "பெரிய அளவு" என்று சொல்வதை நம்பாமல், நாயையே அளந்து பாருங்கள். ஐயாட்டா என்னும் சர்வதேச விமானச் சங்கத்தின் கணக்கு இது: மூக்கு நுனி முதல் வாலின் அடிவரை 85 சென்டிமீட்டர், முன்னங்காலின் முழங்கை உயரம் 40 என்றால், பின்னதில் பாதியைக் கூட்டக் கூண்டின் நீளம் 105. தோளின் அகலம் 25 ஆனால் கூண்டின் அகலம் இரு மடங்கு, 50. உயரமோ, நிற்கும் நாயின் காது நுனிவரை. விரிப்பின் கனமும் சேரவேண்டும். சப்பை மூக்கு ஜாதிகளுக்குப் பத்தில் ஒரு பங்கு அதிகம் தேவை.

கதவு உலோகமாகவும், பூட்டு உறுதியாகவும் இருக்கட்டும். நாற்புறமும் காற்றோட்டம் வேண்டும். கதவைத் திறக்காமலே தண்ணீர் ஊற்றக் கிண்ணம் வேண்டும். மயக்க மருந்து மட்டும் கூடாது. ஆகாயத்தில் அது மூச்சுக்கும் இரத்த ஓட்டத்துக்கும் கெடுதல் செய்யும். அதற்குப் பதிலாக, சில வாரங்கள் முன்பே கூண்டை வீட்டில் திறந்து வைத்து, அதனுள்ளேயே சோறு போடுங்கள். பழகிய இடத்தில் வாயில்லா ஜீவன் அஞ்சாது.