காசைப் பற்றியும் பேசுவோம்

பரோடா சமஸ்தானத்தில் குடியிருக்க இடமில்லாமல் விரட்டப்பட்டு 1917ல் பம்பாய் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பிழைப்புக்காகப் பல வேலைகள் பார்த்தார். பணத்தை எதில் முதலீடு செய்யலாம் என ஆலோசனை சொல்லும் தொழில் அதில் ஒன்று. கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர். ஆனால் சொல்கிறவர் தீண்டத்தகாதவர் எனத் தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். தொழிலை மூட வேண்டியதாயிற்று. காசுக்கு ஏது சாதி என்பவர்களுக்கு இதுதான் நம் பதில்.

நம் கூட்டங்களில் சேமிப்பு என்று வாயெடுத்தாலே, 'அதெல்லாம் பூர்ஷ்வா புத்தி தோழர்' என்கிறார்கள். பாட்டன் சொத்தில் நஞ்சை இருக்கிறவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போகலாம். நமக்குப் பாட்டன் விட்டுப்போனது கடன். 1892 ஆணையை ஒட்டி ஒதுக்கிய பஞ்சமி நிலம் ஆதிக்க சாதிகளிடம் கைமாறியதில், திருப்ப முடியாத கடனுக்கும் பங்குண்டு. காரணை நிலத்துக்கான போராட்டத்தில் 1994ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டு உயிர்களைக் கொடுத்தோம்.

1989 வன்கொடுமைச் சட்டம் கையில் இருக்கிறது. சாட்சி சொல்ல வேண்டியவர் ஏன் பிறழ்கிறார்? 'அவங்கிட்டதான வட்டிக்கு வாங்கியிருக்கேன், எப்படிப்பா அவனுக்கு எதிரா கோர்ட்ல நிப்பேன்?' இந்தக் கேள்விக்கு வீரவசனம் பதிலாகாது.

வட்டிக் கணக்கு நமக்குத் தெரியாததல்ல. பத்து வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கினால் மாதம் ஆயிரம் வட்டி. பத்து மாதத்தில் வாங்கிய அளவுக்குக் கட்டிவிடுகிறோம், அசல் அப்படியே நிற்கிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003ல் சட்டம் வந்தும் வட்டிக்காரன் தெருவுக்கு வருகிறான். அதே ஆயிரத்தை மாதாமாதம் நம் பெயரில் போட்டால்? ஆண்டுக்கு 7 சதம் கூட்டுவட்டி என்று வைத்துக்கொண்டாலும், 15 ஆண்டில் கட்டிய 1.8 லட்சம் 3 லட்சமாகும். 30 ஆண்டில் 3.6 லட்சம் 11 லட்சத்தைத் தாண்டும். பெருக்கித் தருவது காலம். நம்மைத் தின்ற கணக்குதான், இங்கே நம் பக்கம் நிற்கிறது.

எனவே முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்கும் தோழர்களுக்குச் சில சொல்கிறோம். முதலில் வட்டிக்கடனை அடையுங்கள். எந்த முதலீடும் பத்து வட்டியை ஜெயிக்காது. அடுத்து, ஆறு மாதச் செலவுக்கான பணத்தை அவசரத்துக்கென்று வங்கியில் வையுங்கள். வேலை போனாலும் யார் வாசலிலும் நிற்க வேண்டியிராது. அதன்பிறகு நீண்ட காலத்துக்கு: அஞ்சலகத்தில் 15 ஆண்டு பொது சேமநல நிதி உண்டு. பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் 2015ல் வந்த செல்வமகள் சேமிப்பு உண்டு. வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துத் தின்றுவிடாதீர்கள். விலைவாசி ஏறுவதால் வட்டி மட்டும் போதாது என்பதும் உண்மை. பத்தாண்டுக்குத் தேவைப்படாத பணத்தில் ஒரு பகுதியை, பல கம்பெனிப் பங்குகளில் பரவலாகப் போடும் நிதிகளில் வைக்கலாம். ஏறும், இறங்கும், இறங்கும்போது பதறாதவர் மட்டும் போடுங்கள்.

கொழுத்த வட்டி என்று எவன் வந்தாலும் நம்பாதீர்கள். 90களில் பைனான்ஸ் கம்பெனிகள் தமிழகம் முழுக்க மக்கள் பணத்தைச் சுருட்டியதால்தான் 1997ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே வந்தது. வங்கி திவாலானாலும் ஒருவருக்கு 5 லட்சம் வரைக்கும்தான் காப்பீடு.

சேமித்தால் சாதி ஒழியுமா என்று கேட்பீர்கள். ஒழியாது. கூலியே பத்தாத சேரியில் போய் 'நீங்க சேமிக்கல, அதான் இப்படி' என்று சொல்வது அயோக்கியத்தனம். நிலத்துக்கும் கூலிக்கும் இடஒதுக்கீட்டுக்குமான போராட்டத்துக்குப் பதிலாக இதை நாம் வைக்கவில்லை. அந்தப் போராட்டத்தில் நிற்கிறவரின் காலுக்கடியில் கொஞ்சம் தரை வேண்டும் என்கிறோம். கடனில்லாத சாட்சி கோர்ட்டில் நிமிர்ந்து நிற்பார்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் கடன் கணக்கையும் எழுதி எடுத்து வாருங்கள். வெட்கப்பட வேண்டியது நாமல்ல.

- ஆசிரியர் குழு