குரங்குக்குக் கடலை கொடுப்பது அன்பா?

விடுமுறை என்றதும் தேனி வட்டாரத்தில் பலருக்கும் நினைவுக்கு வருவது வைகை அணைப் பூங்கா. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1959 சனவரி 21-இல் திறக்கப்பட்ட அணை இது. இரு கரைகளிலும் பூங்கா விரிந்து கிடக்கிறது. ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்குமே நம்மில் பலர் அங்கே ஓடுகிறோம். ஆனால் காலை வேளையில் ஒரு மரத்தடியில் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். சிறகை விரித்து வெயில் காயும் நீர்க்காகமும், தண்ணீரையே நோக்கித் தவமிருக்கும் மீன்கொத்தியும் கட்டணமின்றிப் பாடம் நடத்தும்.

சென்ற முறை நாங்கள் சுற்றுலா சென்றபோது அந்தப் பாடத்தைக் கேட்கவில்லை. குரங்குகளைக் கண்டதும் கடலையையும் முறுக்கையும் வீசினோம். அவை பிடித்துத் தின்பதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தோம். சற்று நேரத்தில் பெரிய கடுவன் ஒன்று பாய்ந்து வந்து தோழி ஒருத்தியின் பையைப் பறித்தது. அவள் கையில் நகக்கீறல். யாரோ கம்போடு ஓடிவர, வயிற்றில் குட்டி தொங்கத் தாய்க்குரங்கு ஒன்று அலறி ஓடியது. பையைப் பறித்தது குரங்கு. அதற்குப் பறிக்கக் கற்றுக் கொடுத்தவர்கள் நாங்கள் அல்லவா?

"வாயில்லாச் சீவனுக்கு ஒரு பிடி கொடுப்பது புண்ணியம்தானே?" என்று வீட்டில் பாட்டி கேட்டார். பாட்டியின் இரக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் இந்த நாட்டுக்குரங்குக்குப் பழமும் தளிரும் பூச்சியும் மரத்திலேயே உண்டு. தீபகற்ப இந்தியாவில் அன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம் இது. பழத்தைத் தின்று விதையைப் பரப்பிக் காட்டை வளர்ப்பது. நம் தின்பண்டத்துக்குப் பழகிவிட்டால் அது மரத்தை விட்டுச் சாலையோரத்துக்கு வருகிறது. வண்டிச் சக்கரத்தில் சிக்கி மடிகிறது.

மனிதர் உணவின் சுவை ஒரு விலங்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கம்பத்தார் நேரிலேயே கண்டனர். கடைகளை உடைத்து அரிசி தின்றதால் 'அரிக்கொம்பன்' என்று பெயர் பெற்ற யானையைக் கேரளத்துச் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்டார்கள். அது 2023 மே 27-இல் கம்பம் நகருக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால் காயமுற்ற ஒருவர் பின்னர் இறந்தார். சூன் 5-இல் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, தொலைவிலுள்ள களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு சென்றார்கள். யாரும் அதற்குக் கையால் ஊட்டவில்லை. அதன் காட்டில் மனிதர் குடியேறியதும் அரிசி எட்டும் தூரத்தில் இருந்ததுமே போதுமானதாயிற்று. அப்படியிருக்க, நாமே கைநீட்டிக் கொடுக்கலாமா?

புனித அசிசி பிரான்சிசைச் சூழலியலின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979-இல் அறிவித்தார். பறவைகளைச் சகோதரிகள் என்றழைத்த அப்புனிதர் அவற்றை அடிமைப்படுத்தவில்லை. அவற்றின் உரிமையோடு வாழவிட்டு மகிழ்ந்தார். அன்பு என்பது அதுவே என்று எண்ணுகிறோம்.

ஆகவே அன்புத் தோழியரே, அடுத்த சுற்றுலாவுக்குச் செல்லும்போது தின்பண்டத்தை ஓரிடத்தில் அமர்ந்து உண்போம். ஒரு தாளும் மிச்சமின்றிக் குப்பையைத் திரும்ப எடுத்து வருவோம். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். நீர்க்கரையில் கால்மணி நேரம் மௌனமாக இருந்து, கண்ட பறவைகளை எழுதி வந்து வகுப்புப் பலகையில் இடுவோம். பெற்றோரும் குடும்பத்தோடு செல்லும்போது பிள்ளைகளுக்கு இதையே பழக்க வேண்டுகிறோம். அந்தத் தாய்க்குரங்கு மறுமுறை நம்மைக் கண்டால் ஓடவும் வேண்டாம், நம் கையை நாடி வரவும் வேண்டாம். அது தன் மரத்தில் இருக்கட்டும். நாம் கீழே நின்று பார்த்து மகிழ்வோம்.

— பத்தாம் வகுப்பு மாணவியர்