பட்டர் மேல பழி போடாதீங்க

பட்டர்னா வெண்ணெயும் இல்ல, கோயில் பட்டரும் இல்ல :-) கோல்ஃப்ல பந்தைக் குழிக்குள்ள உருட்டி விடுற மட்டை. "திரேஸ்புரத்துக்காரனுக்கும் கோல்ஃபுக்கும் என்னல சம்பந்தம்?"னு ஊர்ல கேக்குறாங்க. இருக்கு மக்களே, சொல்றேன்.

கூட ஆடுற நண்பர்கள் நாலு பட்டிங் தவறினா உடனே பட்டரை மாத்துறாங்க. அதுக்கு ஆயிரக்கணக்குல செலவு வேற. தப்பு மட்டையில இல்ல, கையில கூட இல்ல. அடிக்கிறதுக்கு முன்னாடி நிக்கிற நிலையில இருக்குங்கிறது என் கட்சி.

கணக்கு பார்ப்போம். குழியோட விட்டம் 108 மி.மீ. சமதரையில 10 அடி தூரத்துல இருந்து குறி ஒரே ஒரு டிகிரி விலகினா, குழிகிட்ட போறப்போ பந்து 53 மி.மீ. தள்ளிப் போயிடும். குழியோட பாதியே 54தான். ஆக, நமக்குக் கிடைச்ச சலுகை மொத்தமே ஒரு டிகிரி! பந்து எந்தத் திசையில புறப்படும்ங்கிறதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது, படுற நொடியில மட்டையோட முகம் எங்கே பார்க்குதுங்கிறதுதான். முகத்தைக் கோணலா வச்சுட்டு நின்னா, வீசும்போது கை அதைச் சரிக்கட்டப் பார்க்கும். நம்ம பாஷைல சொன்னா, இன்புட்டை விட்டுட்டு நடுவுல பேட்ச் போடுற வேலை. இன்னிக்கு ஓடும், நாளைக்கு ஊத்திக்கும்.

எங்க ஊர்ல ஜிபிஎஸ் வர்றதுக்கு முன்னாடி கடலுக்குப் போனவங்க மீன் கிடைக்கிற பாரை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? கரையில ஒரு கோபுரம், அதுக்குப் பின்னால ஒரு மரம். ரெண்டும் ஒரே நேர்ல வந்தா, வள்ளம் அந்தக் கோட்டு மேல இருக்குன்னு அர்த்தம். வேற பக்கம் இன்னொரு ஜோடி. ரெண்டு கோடும் வெட்டுற இடம்தான் பார். தூரத்துல இருக்கிற ஒத்தை அடையாளத்தை நம்பிக் குறி வைக்க முடியாது. கிட்ட ஒண்ணு வேணும். ஜாக் நிக்லாஸ் பண்ணினதும் இதேதான். பந்துக்குச் சில அடி முன்னால ஒரு புள்ளியைப் பிடிச்சுக்கிட்டு, அதைப் பார்த்துதான் மட்டையைத் திருப்புவார். நம்மாளுங்க முதல்ல காலை ஊன்றி நின்னுட்டு அப்புறம் முகத்தைத் திருப்புறாங்க. வரிசையே தலைகீழ். முகம் முதல்ல, கால் அப்புறம்.

கேடி இருக்காரேன்னு சொல்லாதீங்க. ஆட்டக்காரர் நிலை எடுக்க ஆரம்பிச்சப்புறம் கேடி பின்னால நின்னு குறி பார்த்துச் சொல்லக் கூடாதுன்னு 2019ல விதி வந்துச்சு. அந்த ஜனவரியிலேயே துபாய்ல சீன வீரர் லீ ஹாவ்டாங்குக்கு ரெண்டு ஸ்ட்ரோக் தண்டனை. அநியாயம்னு பலர் கொதிச்சாங்க, அடுத்த மாசமே விளக்கம் கொடுத்துக் கொஞ்சம் தளர்த்தினாங்க. எனக்கு அந்த விதி பிடிச்சிருக்கு. குறி பார்க்குறது ஆடுறவன் வேலை. கேடியா இருந்த சின்னசாமி முனியப்பா 2009ல இந்தியன் ஓபனையே ஜெயிச்சார். பின்னால நின்னு "கொஞ்சம் ரைட் சார்"னு சொல்ற மனுஷனுக்குத் தெரிஞ்சதை நாமளும் கத்துக்கிட்டா என்ன குறைஞ்சுடும்?

செலவு ஒரு முழம் தூண்டில் நரம்புதான்... சரி, நாலஞ்சு முழம். மொட்டைமாடியில ரெண்டு குச்சி நட்டு, பந்துக்கு மேல நரம்பை இழுத்துக் கட்டுங்க. நரம்பு பந்தை மறைக்கிற மாதிரி தெரிஞ்சா கண்ணு சரியான இடத்துல இருக்கு. மட்டையோட முகம் நரம்புக்குச் செங்குத்தா இருக்கணும். 6 அடியில இருந்து தினம் இருபது தடவை உருட்டுங்க. ஒரு மாசம் கழிச்சும் குழிக்குள்ள போகலைன்னா, புது பட்டர் வாங்கிக்கோங்க, நான் தடுக்கல.