ஏழு விநாடிகளுக்குச் சொந்தக்காரர்

சில ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனில் சகோதரியின் வீட்டில் இரு வாரங்கள் தங்கியிருந்தேன். முதல் இரவே நித்திரை குழம்பிற்று. மேல்மாடி அறையிலிருந்து ஒரே தாளம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். பகலில் கணக்காளராகப் பணிபுரியும் மருமகன், இரவில் அந்தச் சிறிய அறையில் இசையமைப்பாளனாக இருந்தான். பழைய இசைத்தட்டுச் சுழலி ஒன்று, மடிக்கணினி, இரண்டு ஒலிபெருக்கிகள், பழைய பொருட் கடைகளில் வாங்கிய இசைத்தட்டுகள் நிறைந்த அட்டைப்பெட்டிகள். இவைதாம் அவனது கலையகம்.

கேட்டுக்கொண்டிருந்த டிரம்ஸ் அடி நன்றாகவே இருந்தது. "இதை வாசித்தவர் ஆர்?" என்று கேட்டேன்.

"ஆரெண்டு தெரியாது மாமா. எல்லாரும் எடுக்கிற அடிதான். 'ஆமென் பிரேக்' எண்டு சொல்லுவினம்" என்றான்.

'யார்' என்ற கேள்வியைக் கேட்டே சம்பளம் வாங்கிய எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருக்கவில்லை. அன்று தொடங்கிய தேடலின் விளைவே இந்தப் பத்தி.

முதலில் அவன் செய்வது என்னவென்று, அறியாத வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பழைய இசைத்தட்டொன்றில் ஏனைய வாத்தியங்கள் ஓய்ந்து, டிரம்ஸ் மட்டும் தனித்து ஒலிக்கும் இடத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். அந்த இடத்துக்குத்தான் 'பிரேக்' என்று பெயர். அதைக் கணினியில் பதிந்து, முதல் அடி தொடங்கும் புள்ளியிலும் கடைசி அடி முடியும் புள்ளியிலும் வெட்டுகிறார்கள். வெட்டு ஒரு நூலளவு பிசகினாலும் தாளம் நொண்டும். சரியாக வெட்டினால், முடிவு தொடக்கத்தோடு ஒட்டிக்கொண்டு, நிறுத்தும்வரை சுழன்றுகொண்டேயிருக்கும். அதன்பின் வேகத்தைக் கூட்டலாம்; ஒவ்வோர் அடியையும் தனித்தனியே பிரித்து வேறோர் ஒழுங்கில் அடுக்கலாம். 1987 இல் சந்தைக்கு வந்த எஸ்.பி. 1200 என்னும் இயந்திரத்தின் நினைவகத்தில் மொத்தம் பத்து விநாடி ஒலிக்கே இடமிருந்தது. எனவே 33 சுற்று இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டு விரைவாகப் பதிந்து, பின்னர் இயந்திரத்துக்குள் வேகத்தைக் குறைத்து இடத்தை மிச்சம் பிடித்தார்கள். மருமகனின் மடிக்கணினிக்கு அந்தக் கவலையில்லை.

இனி அந்த 'ஆமென் பிரேக்'கின் கதை. 1969 இல் 'த வின்ஸ்டன்ஸ்' என்ற அமெரிக்க இசைக்குழு 'கலர் ஹிம் ஃபாதர்' என்ற பாடலை வெளியிட்டது. ரிச்சர்ட் ஸ்பென்சர் எழுதிய அப்பாடல் பெரும் வெற்றி பெற்றது. அவருக்குக் கிராமி விருதையும் தேடித் தந்தது. இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்புவதற்காக 'ஆமென், பிரதர்' என்ற வாத்திய இசையொன்றைப் பதிவு செய்தார்கள். அதன் நடுவே குழுவின் டிரம்ஸ் கலைஞர் கிரிகரி கோல்மன் ஏறத்தாழ ஏழு விநாடிகள் தனியே வாசிக்கிறார். நம்மவர் மொழியில் சொன்னால் நான்கு ஆவர்த்தனங்கள். முதல் இரண்டும் ஒரே நடை. மூன்றாவதில் ஓர் அடியைச் சற்றுத் தள்ளிப் போடுகிறார். நான்காவதில், அடி விழவேண்டிய முதலிடத்தை வெறுமையாக விட்டுப் பின்னர் வந்து பிடிக்கிறார்.

1986 இல், இத்தகைய பிரேக்குகளைத் தேடுவோருக்காக வெளியிடப்பட்ட தொகுப்பு இசைத்தட்டொன்றில் இது இடம்பெற்றது. அதன்பின் ராப் பாடல்களில் புகுந்தது. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்து இளைஞர்கள் இதன் வேகத்தைக் கூட்டி, துண்டு துண்டாக வெட்டி, 'ஜங்கிள்' என்ற இசை வகையையே இதன் மீது கட்டி எழுப்பினார்கள். இன்று இதைப் பயன்படுத்திய பாடல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

குழுத் தலைவர் ஸ்பென்சருக்கே இந்த விடயம் 1996 இல்தான் தெரியவந்தது. வழக்குத் தொடுக்கும் காலம் அதற்குள் கடந்துவிட்டிருந்தது. 2015 இல் பிரித்தானியாவைச் சேர்ந்த இசை ஆர்வலர்கள் இணையத்தில் நிதி திரட்டி, அவருக்கு 24,000 பவுண் வழங்கினார்கள். அவர் 2020 இல் காலமானார். ஆனால் கோல்மனுக்கு அந்த நிதியும் பிந்திவிட்டது. 2006 இல் அட்லாண்டா நகரில், வீடற்றவராக, வறுமையில் அவர் இறந்துவிட்டார். தமது ஏழு விநாடிகள் உலகமெங்கும் ஒலித்துக்கொண்டிருந்ததை அவர் அறிந்திருக்கவே மாட்டார் என்பது ஸ்பென்சரின் கருத்து.

இதை வைத்து என் மருமகனைக் கள்வன் என்று சொல்ல நான் துணியமாட்டேன். எடுத்தாளுதல் இன்றிக் கலை வளர்ந்ததில்லை. 1973 ஆகஸ்ட் 11 ஆம் திகதி நியூயோர்க்கின் பிரொங்க்ஸ் பகுதியில், யமேக்காவிலிருந்து குடிபெயர்ந்த கிளைவ் கேம்பல் என்ற 'கூல் ஹேர்க்', தன் சகோதரி நடத்திய விருந்தொன்றில் இசைத்தட்டுகளை ஓடவிட்டார். ஹிப்ஹொப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுவது அந்த நாளே. ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழலிகளில் மாறி மாறி ஓடவிட்டு, பிரேக்கை நீட்டிக்கொண்டே போவது அவரது உத்தி. வாத்தியம் வாங்கவோ ஆசிரியரிடம் பயிலவோ வசதியற்ற பிள்ளைகளுக்கு அது இசையின் கதவைத் திறந்துவிட்டது. அதைக் களவு என்று ஒதுக்குவது நியாயமன்று. 'ஆமென், பிரதர்' கூட முற்றிலும் புதிய ஆக்கமல்ல. 'ஆமென்' என்ற தேவாலயப் பாடலொன்றைத் தழுவியதே. அந்த இசைத்தட்டிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட பகுதியோ கோல்மன் தன் கையால் ஆக்கியது.

சட்டம் இதைக் காண்பதில்லை என்பதுதான் என் முறைப்பாடு. அமெரிக்கச் சட்டத்தில் பாடலுக்கு இரு உரிமைகள் உண்டு. ஒன்று, பாடலை ஆக்கியவருக்குரியது. மற்றையது ஒலிப்பதிவின் மீதான உரிமை. அது பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்திடம் இருக்கும். டிரம்ஸ் வாசித்தவர் பொதுவாக இவ்விரண்டிலும் இல்லை. 1991 இல் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்று, கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாடலிலிருந்து அனுமதியின்றி எடுத்த ராப் பாடகர் பிஸ் மார்க்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. களவைத் தடுக்கும் விவிலியக் கட்டளையோடு தொடங்கியது அத்தீர்ப்பு. அதன்பின் உரிமம் பெறாமல் எடுப்பது ஆபத்தாயிற்று. ஆனால் உரிமம் பெற்றுக் கட்டும் பணமும் வாசித்தவரைச் சென்றடைவதில்லை. ஜேம்ஸ் பிரௌனின் 'ஃபங்கி டிரம்மர்' பாடலில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் 1969 இல் வாசித்த அடி, கோல்மனுடையதைப் போலவே எங்கும் எடுத்தாளப்பட்டது. பாடலின் பெயரே டிரம்ஸ்காரரைக் குறிக்கிறது. ஆக்கியவர் என்ற இடத்தில் இருப்பதோ பிரௌனின் பெயர் மட்டும். ஸ்டபிள்ஃபீல்ட் அந்தப் பங்கைக் காணாமலே 2017 இல் மறைந்தார்.

அமெரிக்காவைக் குறைகூறி முடித்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் என் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என ஒன்றுவிடாமல் அறிவிப்பாளர்கள் சொல்வார்கள். தபேலா வாசித்தவரின் பெயரை நான் கேட்டதாக நினைவில்லை. தவிலுக்கு மட்டும் நாங்கள் அந்த அநீதியைச் செய்யவில்லை. தட்சணாமூர்த்தியின் தவில் என்றால், எங்கள் தந்தையார் தலைமுறையினர் ஊர்விட்டு ஊர் சென்று விடியும்வரை கோயில் வீதியில் இருந்து கேட்டார்கள். தாளம் வாசிப்பவன் பெயருக்குரியவன் என்பது எங்களுக்குத் தெரியாத விடயமல்ல.

தெரிந்திருந்தும் நான் செய்த பிழை இது. 1990களில் கொழும்பில் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்தேன். இசைக் கச்சேரி பற்றிய செய்தியொன்று பக்கத்தில் இருந்தது. இரவு கடைசி நேரத்தில் விளம்பரம் ஒன்று வந்து சேர, செய்தியின் அடியில் இரண்டு வரிகளை வெட்டினேன். பக்கவாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் அந்த வரிகளில்தான் இருந்தன. மறுநாள் மிருதங்கம் வாசித்த முதியவர் பத்திரிகையைக் கையில் மடித்துக்கொண்டு காரியாலயத்துக்கு வந்தார். கோபிக்கவில்லை. "தம்பி, நான் வாசிச்சது உண்மைதானே?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் திருத்தம் போடுவதாகச் சொல்லி அனுப்பினேன். வேலைப் பளுவில் அதுவும் விடுபட்டுப் போயிற்று.

எமது பத்திரிகைகளில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. இன்னோர் ஏட்டிலிருந்து ஓர் ஆக்கத்தை மறுபிரசுரம் செய்தால், அடியில் 'நன்றி' என்று எழுதி மூலத்தின் பெயரைப் போடுவோம். அதற்காகப் பணம் கைமாறுவதில்லை. ஆயினும் அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் வாசகரே கடிதம் எழுதிக் கேட்பார். வீட்டறையில் இருந்து இசையமைக்கும் இளைஞர்களிடம் நான் கேட்பது இந்த ஒரு சொல்லைத்தான். பாடலை வெளியிடும்போது, அடி எந்த இசைத்தட்டிலிருந்து வந்தது, யார் வாசித்தது என்பதை எழுதுங்கள். தேடிக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் போதும். சரியான புள்ளியில் வெட்டுவதற்கு நீங்கள் அதைவிட அதிக நேரம் செலவிடுகிறீர்கள்.

சட்டம் இயற்றுவோரிடம் கேட்பது இதனிலும் பெரியது. இணைய வானொலிகள் செலுத்தும் உரிமைத் தொகையில் 5 சதவீதத்தை, இசைத்தட்டின் முகப்பில் பெயர் வராத வாத்தியக்காரருக்கும் பாடகருக்கும் ஒதுக்க வேண்டும் என்ற விதி அமெரிக்கச் சட்டத்தில் ஏற்கெனவே உண்டு. அதே நியாயத்தை, வெட்டியெடுத்த துண்டுகளுக்குக் கட்டும் உரிமத் தொகைக்கும் விரிவாக்குவதில் என்ன தடை? பதிவேடுகள் இல்லையே என்பார்கள். உண்மைதான். அன்றைய பதிவுகளில் வாசித்தவர்களை அறிந்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதிவைக்கவேண்டிய காலம் இது. தமிழ்த் திரையிசைக்கும் இதே வேலை காத்திருக்கிறது.

அன்றிரவு கண்டறிந்தவற்றை மறுநாள் காலை மருமகனிடம் சொன்னேன். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். "செத்துப்போன மனுசனுக்கு இனி என்ன பிரயோசனம், மாமா?" என்றான். என்னிடம் தக்க விடை இருக்கவில்லை. மிருதங்கக்காரரின் கதையை மட்டும் சொன்னேன்.

சில மாதங்கள் கழித்துப் புதிய பாடலொன்றை அனுப்பியிருந்தான். அந்த இசையை முழுதாக ரசிக்கும் பக்குவம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் பாடலின் கீழே அவனது பெயருக்கு அடுத்ததாக இன்னொரு வரி இருந்தது: 'டிரம்ஸ்: கிரிகரி கோல்மன், 1969. நன்றி.'