சொல் கேளாத நண்பர்

கராச்சர்மா வகுப்பறையில் ‘என் நண்பன்’ என்று எழுதப் பணித்தால், மாணவர் பலரும் நற்பண்புகளையே அடுக்குகின்றனர். அங்கு நண்பன் தென்படுவதில்லை. நன்னடத்தைச் சான்றிதழே தென்படுகிறது.

ஆர்.கே. நாராயண் 1935-இல் வெளியிட்ட ‘சுவாமியும் நண்பர்களும்’ என்னும் ஆங்கிலப் புதினத்தில், உருவிற் சிறிய சாமுவேலைத் தோழர்கள் ‘பட்டாணி’ என்றழைப்பர். கேலிதான், ஆயினும் அவனை விலக்கி வைக்கும் கேலியன்று.

அந்நூல் வெளிவந்ததே ஒரு நண்பரின் கீழ்ப்படியாமையால்தான். பதிப்பாளர் பலர் மறுக்கவே மனமுடைந்த நாராயண், கையெழுத்துப்படியைக் கல்லோடு கட்டித் தேம்சு ஆற்றில் எறிந்துவிடுமாறு, ஆக்சுபோர்டில் இருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார். பூர்ணாவோ கல்லைத் தேடவில்லை. எழுத்தாளர் கிரகாம் கிரீனைத் தேடிச் சென்று படிக்கக் கொடுத்தார். நற்பண்புப் பட்டியலில் இக்குறும்பை எந்த வரிசையில் எழுதுவது?